பதினேழாம் கிளைக்குத் தண்ணீர் வந்த தேதி

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குக் கூத்தம்பதி கிராமப் பஞ்சாயத்து ஆபீசின் படியேறிய பொங்கியண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அரை மணி நேரம் கழித்துப் படியிறங்கும்போது அவரிடம் ஒரு யூசர் ஐடி, ஒரு பாஸ்வேர்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை, வியாழக்கிழமை வரைக்குமான நிகழ்ச்சி நிரல் எல்லாம் இருந்தன. பதில் மட்டும் இல்லை.

கேள்வி இதுதான். கனால் தண்ணீர் பதினேழாம் கிளைக்கு என்றைக்கு வரும்?

பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம், கனாலின் கடைசிக் கிளையில் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கிற நேரம். வயல் வெடித்து, ஒரு வெடிப்புக்குள் அவருடைய இடது செருப்பு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் தண்ணீர் ஏறினால் அது நெல். ஏறாவிட்டால் மாட்டுத் தீவனம்.

முன்பெல்லாம் கேட்கவே வேண்டியதில்லை. லஸ்கர் வீரபாண்டி, அதாவது கனால் ஷட்டர்களைத் திறந்து மூடுகிறவர், முறைத் தேதிகளை ஷட்டர் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பார். போன வருடம் பஞ்சாயத்துக்குத் திறந்த தரவுப் போர்ட்டல் வந்தது. வந்த மறுநாளே, அங்கீகாரமற்ற தகவல் வெளியீடு என்று சொல்லி அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

"ஏனுங்க, எங்க கெளைக்குத் தண்ணி என்னிக்கு வருமுங்க?"

செக்ரட்டரி நாராயண் தலை நிமிரவில்லை. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். எதிரே சுவரில் 'போன வருட வெளிப்படைத்தன்மை மதிப்பீடு, மாநில அளவில் இரண்டாமிடம், 86/100' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்.

"எல்லாம் போர்ட்டல்ல இருக்கு, பாருங்கோ. நானூத்திப் பன்னெண்டு தரவுத் தொகுப்பாக்கும். ஆபீஸ் ஜன்னல்ல எத்தனை கண்ணாடி, தெருநாய் நிறவாரியா, மின்விசிறி இறக்கைவாரியா. எதையும் விட்டுவைக்கலை."

"தண்ணி வர்ற தேதி இருக்குதுங்களா?"

"வந்த தேதி இருக்கு. வரப்போற தேதி போடப்படாது, கேட்டேளோ. நாளைக்கு வரும்னு போட்டு, வரலைன்னா அது பிழையான தரவு. பத்து மார்க் போயிடும். வந்தப்பறம் வந்ததுன்னு போட்டா எவன் மறுப்பான்? போன வருஷம் பதினாறு கிளைக்கும் அப்படித்தான் போட்டோம். துல்லியம் நூத்துக்கு நூறு."

"எங்குளுது பதினேழுங்க."

"அதுக்குத் தண்ணியே வரலையே. வராத தண்ணிக்குத் தேதி எங்கேர்ந்து போடறது? காலியா விட்டிருக்கோம். நேர்மைன்னா அதாக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நாராயண் முதன்முறையாக நிமிர்ந்தார். மனிதரை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி. துண்டு. ஒற்றைச் செருப்பு. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"உம்ம பேர் என்ன? நீர் பொதுஜனம்தானே?"

பொங்கியண்ணனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. போன வருடம் கூத்தம்பதி முதலிடத்தைக் கோட்டைவிட்டது 'பயன்பாட்டுச் சான்று' என்ற ஒரு தலைப்பில்தான். பன்னிரண்டு மார்க். போர்ட்டலை உபயோகிக்கும் பொதுஜனம் ஒருவரையாவது காட்ட வேண்டும். கூத்தம்பதியில் பதினெட்டாயிரம் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர்கூட இல்லை. இந்த வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு மறுபடியும் வருகிறது.

"மௌனிகா," என்று நாராயண் உள்பக்கம் குரல் கொடுத்தார், தூண்டிலில் மீன் மாட்டியவரைப் போல. "ஒருத்தர் கிடைச்சுட்டார்."

*

மௌனிகா டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். ஒப்பந்த வேலை. நானூற்றுப் பன்னிரண்டு தொகுப்பையும் தட்டியது அவள் விரல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி ஆரம்பம். அட்டையில் 'பயனர் 1' என்று அச்சிட்டிருந்தது.

"மாமா, மொதல்ல நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்கோணுமுங்க."

"நா எதுக்கம்மிணி ரோபோ ஆகறேன்?"

"சட்டமுங்க. இந்த ஒம்பது படத்துல சிக்னல் வெளக்கு எதெதுல இருக்குதோ அதெல்லாம் தொடுங்க."

கூத்தம்பதியில் சிக்னல் விளக்கு கிடையாது. பொங்கியண்ணன் நன்றாக யோசித்து டிராக்டர் இருந்த படத்தைத் தொட்டார். பிறகு ஒரு பாலத்தை. மூன்றாம் முறையும் தவறியதும், அவர் மனிதர் அல்ல என்று போர்ட்டல் சிவப்பு எழுத்தில் அறிவித்தது. பஞ்சாயத்தின் ஒரே பொதுஜனம் இயந்திரமாகிப் போனதில் நாராயணுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மௌனிகா பொங்கியண்ணனுக்குப் பதிலாகத் தொட்டு, அவரை மனிதராக்கினாள்.

அடுத்தது பயனர் எண்ணிக்கை. ஒரு பயனர் இருந்தால் ஆறு மார்க். வளர்ச்சி இருந்தால் இன்னும் ஆறு. பொங்கியண்ணன் நாற்பது முறை உள்ளே போய் நாற்பது முறை வெளியே வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு தொகுப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தார். மத்தியானத்துக்குள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கோடு மலை மாதிரி ஏறியது.

பிறகு ஒத்திகை. நாராயணே மதிப்பீட்டாளராக நடித்தார்.

"போர்ட்டல் வந்தப்பறம் உங்க வாழ்க்கை எப்படி மாறித்து?"

"முன்னெல்லாம் தண்ணி என்னிக்கு வரும்னு தெரியுமுங்க."

"அது வேண்டாம். வேற."

"இப்பத் தெரியறதில்லீங்க."

"வேற, ஐயா."

"நம்மூர்ல கருப்பு நாயி முப்பத்தொண்ணுன்னு தெரிஞ்சுக்கிட்டனுங்க."

"பேஷ். அதைச் சொல்லும். கொஞ்சம் சிரிச்சுண்டே சொல்லும்."

சாயங்காலம் கடைசிப் பாடம். தலைப்பு: 'குடிமகன் திருத்தம்'. எட்டு மார்க். போர்ட்டலில் தப்போ காலியோ இருந்தால் பொதுஜனமே திருத்தம் எழுதலாம். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதிகாரி நிராகரிக்காவிட்டால் திருத்தம் தானாக ஏறிவிடும். இப்படி ஒரு வசதி இருப்பதாகக் காட்டினால் போதும், மார்க் உண்டு.

மௌனிகா ஒரு தொகுப்பைத் திறந்தாள். கனால் நீர் வரவு, கிளைவாரியாக. பதினாறு வரிசையில் தேதி இருந்தது. பதினேழில் ஒன்றுமில்லை.

"மாதிரிக்கு இதுல எதாச்சும் சொல்லுங் மாமா."

பொங்கியண்ணன் அந்தக் காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"வியாழக்கெழம வந்தாப் பொழைக்கும்."

"மணி?"

"வெயிலுக்கு முந்தி. பத்து மணின்னு போடு."

போட்டாள். பட்டனை அழுத்தச் சொன்னாள். அவர் அழுத்தினார். 'நன்றி, குடிமகனே' என்றது போர்ட்டல். அந்த ஆபீசில் யாரும் அவருக்கு அதுவரை நன்றி சொன்னதில்லை என்பதால் அவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

*

புதன்கிழமை சமூகக் கூடத்தில் பாராட்டு விழா. மாநிலத்தின் மிகச் சுறுசுறுப்பான திறந்த தரவுப் பயனர் என்று பொங்கியண்ணனுக்குப் பொன்னாடை. வயலில் வெடிப்பு இன்னும் ஒரு விரற்கடை அகலமாகியிருந்தது. பொன்னாடை தொட்டுப் பார்க்க ஈரமாக இருந்தது. வயலை நினைத்தால் அவருக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. போன விழாவுக்குப் பிறகு துவைத்துச் சரியாகக் காயவைக்கவில்லை.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் சிவப்பிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பஞ்சாயத்துல மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. மறைக்க வேண்டியத நாம போர்ட்டல்ல ஏத்தறதே இல்லீங்க."

கைதட்டல்.

"வெளிப்படைத்தன்மைங்கறது மொகம் பாக்கற கண்ணாடி மாதிரீங்க. பாக்கறவனுக்கு அவன் மூஞ்சி தெரியோணும். பின்னால நாம என்ன பண்றோம்னு தெரிஞ்சா, அது கண்ணாடி இல்லீங்க, ஓட்டை."

பலத்த கைதட்டல்.

"கேக்கறவனுக்குத் தகவல் குடுக்கறது பழைய முறைங்க. யாருமே கேக்காததை எல்லாருக்கும் குடுக்கறோம் பாருங்க, அதுதானுங்க புரட்சி."

அதே நேரம், மாலை ஐந்தே கால். அதிகாரி யாரும் நிராகரிக்காததால் பொங்கியண்ணனின் திருத்தம் தானாக ஏறியது. பதினேழாம் கிளை, வியாழன், காலை 10.00. உறுதிசெய்யப்பட்டது என்று பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

யாரும் கவனிக்கவில்லை. கூத்தம்பதியில் போர்ட்டலைப் பார்க்கிற ஒரே ஆள் அப்போது பொன்னாடைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

*

வியாழன் காலை எட்டரை. வாசலில் ஜீப்.

இறங்கியவர் ராஜஸ்ரீ. மதிப்பீட்டுக் குழுவே அவர் ஒருவர்தான். கையில் டேப்லட். இடுப்பில் அளக்கும் டேப். கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு இரண்டு வார்த்தை பேசியதும் நாராயண் முகம் மலர்ந்தது. "மேடம் பேசறதைப் பார்த்தா நம்ம கல்பாத்தி மாதிரின்னா இருக்கு. எந்தத் தெருவிலே உங்க ஆம்?"

"புதுக் கல்பாத்தி. அது மதிப்பீட்டுக்குச் சம்பந்தமில்லாதது. இன்னிக்குக் கள ஆய்வு. போர்ட்டல்ல இருக்கறது தரையில இருக்கான்னு பார்க்கணும். இருந்தா மார்க். இல்லைன்னா, பத்து மார்க் குறைப்பு."

"எந்தத் தொகுப்பு மேடம்?"

"கடைசியா ஏறினது எதுவோ, அது." டேப்லட்டைத் தட்டினார். படித்தார். "கனால் நீர் வரவு. பதினேழாம் கிளை. இன்னிக்கு, காலை பத்து மணி. அட, நடக்கப்போறதை முன்னாடியே போட்டிருக்கேளே. எந்தப் பஞ்சாயத்துலயும் நான் பார்த்ததில்லை. ரொம்ப தைரியம்."

நாராயண் சிரித்தார். உதடு மட்டும். பின்பக்க அறைக்கு அவர் எப்படிப் போனார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

"மௌனிகா. அதை அழி. இப்பவே."

"அதிகாரி லாகின்ல ஓடிபி கேக்குதுங் சார்."

"போடு."

"ஓடிபி பழைய செக்ரட்டரி துரைசுவாமி சார் போனுக்குத்தானுங் போகுது. நம்பர் மாத்தோணும்னு பதினாலு மாசமா எழுதீட்டே இருக்கறனுங்."

துரைசுவாமி ரிட்டயராகி நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே அப்போது ராத்திரி பத்து மணி. அவர் ஒன்பதுக்கே படுத்துவிடுகிற ஒழுக்கமான மனிதர். பன்னிரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை.

மணி எட்டே முக்கால்.

பின்பக்க வராந்தாவில் லஸ்கர் வீரபாண்டி வரவழைக்கப்பட்டார். கம்பம்மெட்டுக்காரர். மாற்றலில் வந்து ஆறு வருடம். பிரசிடெண்ட் அவர் தோளில் கைபோட்டார்.

"வீரபாண்டி, பத்து மணிக்குப் பதினேழுல தண்ணி ஓடோணும்."

"வராதுங்கய்யா. மேல இருந்து எவ்வளவு வந்தாலும் பதினாறாம் கிளை தாண்டாது. அங்கன பதினோரு மோட்டாரு கனாலுக்குள்ள வாயை வச்சு அம்புட்டையும் உறிஞ்சுது."

"யாரு மோட்டாரு?"

வீரபாண்டி தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தார்.

"நாலு உங்களுதுங்க. மூணு உங்க மச்சான் வச்சது. மிச்சம் நாலு, போன எலக்சன்ல உங்களுக்கு வேலை பார்த்தவுக."

"போர்ட்டல்ல எத்தனைன்னு இருக்குது?"

"அனுமதியில்லா மோட்டார், பூஜ்யமுங்க," என்றாள் மௌனிகா. "அந்தம்மா கனால் கரை வழியாத்தானுங் போகோணும். பாத்தா அதுக்கும் பத்து மார்க்குங்."

இருபது மார்க். பிரசிடெண்ட் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்துப் பஞ்சாயத்து முதலிடத்துக்கு வந்து, அந்தப் பிரசிடெண்ட் தனக்கு முன்னால் நின்று பொன்னாடை வாங்குகிற காட்சி கண்ணில் ஓடியது. போனை எடுத்தார்.

"மாப்ளே, மோட்டாரைக் கழட்டு. ஏன் எதுக்குன்னு கேக்காதே. கழட்டு. குழாயையும் சுருட்டு. தென்னை காஞ்சா நா ஒனக்கு இளநி வாங்கித் தாரேன்."

*

அடுத்த ஐம்பது நிமிடம் கூத்தம்பதி வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம்.

கனால் கரையில் பதினோரு இடத்தில் பதினோரு மோட்டார் அணைந்தது. வீரபாண்டி மொபெட்டில் பறந்து தண்ணீர் எங்கும் பிரியாமல் இருக்க மற்ற பதினாறு கிளை ஷட்டரையும் வரிசையாக இறக்கினார். வார்டு மெம்பர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் சுருட்டினார்கள். ஒருவர் அவசரத்தில் குழாயோடு தன்னையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டார்.

ஆபீசில் நாராயணின் வேலை நேரம் கடத்துவது. ராஜஸ்ரீயை ஜன்னல்களுக்கு அழைத்துப் போனார். போர்ட்டலில் கண்ணாடி தொண்ணூற்று மூன்று. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். தொண்ணூற்றிரண்டு.

"ஒண்ணு, தரவு ஏத்தினப்பறம் உடைஞ்சுடுத்து."

"உடைஞ்ச தேதி ஏத்தியிருக்கேளா?"

"இல்லை."

"அரை மார்க்."

ஒன்பதே முக்காலுக்கு ஜீப் கிளம்பியது. பின்னாலேயே பிரசிடெண்டும் நாராயணும் இன்னொரு வண்டியில். ஜீப்பின் பின் இருக்கையில் பயனர் 1. பக்கத்தில் மௌனிகா. அவள் அவர் காதோடு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மிணி, பொய்யி எழுதீட்டனே. கேசு ஆகுமா?"

"பொய்யான்னு பத்து மணிக்குத்தானுங் மாமா தெரியும்."

"வந்துருமா?"

"கெளையிலதான் பாக்கோணும்."

பதினேழாம் கிளை காய்ந்து கிடந்தது. நடுவில் ஓணான் ஒன்று வெயில் காய்ந்தது. மணி பத்து. ராஜஸ்ரீ ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"பத்து நிமிஷம் வரைக்கும் தாமதம் அனுமதி. அதுக்கு மேல பிழையான தரவு."

ஐந்து நிமிடம். பொங்கியண்ணன் தன் கதிர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளையின் மேல்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசிடெண்ட் ஏதாவது பேசியாக வேண்டும் என்று, தண்ணீரும் தகவலும் ஒன்று, இரண்டும் மேலேயிருந்து கீழே வருவதற்குள் எங்காவது நின்றுவிடும் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்தினார்.

ஏழு நிமிடம். ஓணான் தலையைத் தூக்கியது. ஓடியது.

முதலில் சருகு வந்தது. பிறகு இரண்டு பாட்டில். பிறகு, தேங்காய் மட்டைகளோடு மிதந்து, இருபதடி நீளத்துக்குக் கறுப்பு மோட்டார்க் குழாய் ஒன்று பாம்பு மாதிரி நெளிந்து வந்து ராஜஸ்ரீயின் காலடியில் நின்றது. அதன் பின்னால் தண்ணீர்.

"இது என்ன?" என்றார் ராஜஸ்ரீ.

"கொ... கொழாய்ங்க," என்றார் பிரசிடெண்ட்.

"போர்ட்டல்ல இருக்கா?"

"இல்லீங்க."

"இல்லாததை நான் மதிப்பிட முடியாது." குழாயைத் தாண்டிக் காலை வைத்தார். "பத்து மணி எட்டு நிமிஷம். சரி."

டிக் அடித்தார்.

"இப்போ பயனர் போட்டோ. கையில போர்ட்டல், பின்னாடி தண்ணி. எங்கே அவர்?"

பயனர் 1 வயலுக்குள் இருந்தார். அட்டை வரப்பில் கிடந்தது. மம்பட்டியால் மடையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"பொங்கியண்ணன், இங்கே பாரும்," என்று நாராயண் கத்தினார். "சிரியும்."

"இருங்க," என்றது முதுகு.

வேறு வழியில்லாமல் முதுகையே படம் எடுத்தார்கள். 'திறந்த தரவால் பயனடைந்த குடிமகன், பின்புறத் தோற்றம்' என்று மௌனிகா அங்கேயே தலைப்புக் கொடுத்தாள்.

வீரபாண்டி மொபெட்டை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவரே, வேகமா வெட்டுங்க. அந்தம்மா ஜீப்பு கெளம்புனதும் மோட்டாரைத் திரும்ப மாட்டச் சொல்லி உத்தரவு. எல்லாரும் ஸ்பேனரோட கரையில உட்கார்ந்திருக்காக."

பொங்கியண்ணன் நிமிர்ந்தார். தண்ணீர் முதல் பாத்தியில் பாதிதான் போயிருந்தது. வெடிப்பு எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஏக்கர் நனைய சாயங்காலம் நாலு மணியாவது ஆகிவிடும். ராஜஸ்ரீ ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"ஏனுங் அம்மா," என்று கூப்பிட்டார் பொங்கியண்ணன்.

ராஜஸ்ரீ திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. முந்தாநேத்து நாப்பது தடவ உள்ள போயிப் பாத்தனுங்க. கனால் ரெண்டு கரையிலயும் சேத்துத் தென்னை ரெண்டாயிரத்து நூத்தி ஏழுன்னு போட்டிருக்குதுங்க. எனக்கென்னமோ அதுல ஒண்ணு ரெண்டு கொறையற மாதிரி இருக்குதுங்க."

ராஜஸ்ரீ காலை ஜீப்பிலிருந்து கீழே இறக்கினார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சந்தோஷம் தெரிந்தது. "பொதுஜனப் புகார். இதைப் பார்க்காம நான் போகப்படாது. எல்லாரும் என்னோட வாங்கோ."

பிரசிடெண்ட் குடை பிடித்தார். நாராயண் ஒவ்வொரு மரத்திலும் சாக்கட்டியால் நம்பர் போட்டார். ஸ்பேனர் வைத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு, ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மரியாதையாக நின்றார்கள். ஊர்வலம் மெதுவாகக் கரையில் நகர்ந்தது.

மூன்று மணிக்கு, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில், இரட்டைத் தலைத் தென்னை ஒன்று குறுக்கிட்டது. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று விதிமுறையில் இல்லை. விவாதம் நடந்தது. அதில் எண்ணிக்கை விட்டுப்போனது. அதுவரை போட்டுவந்த நம்பரில் எது சரி என்று சந்தேகம் வந்தது. ராஜஸ்ரீ ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, முதல் மரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். குடை பின்னால் ஓடியது.

வரப்பில் உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். எழுந்தார். மடையை இன்னும் ஒரு சாண் அகலமாக வெட்டினார்.